நாணேற்றிய வில்லும் நாணிய வீரனும்

கொல்லிமலை என்று சொன்னவுடன் தமிழறிந்தோர் நாவில் எழும் பெயர் வல்வில் ஓரி. ஓரி என்று சொன்னவுடன் எழும் செய்தி, ஓர் அம்பால் ஐந்து உயிர்களை வீழ்த்தினான் என்பது. பள்ளிப் பருவத்திலேயே நம் நெஞ்சில் பதிந்துவிட்ட செய்தி அது. மேடைகளில் வீரம் பேசுவோர் அதனையே முழங்குகின்றனர். கேட்போரும் கைதட்டி மகிழ்கின்றனர். அத்துடன் ஓரியை முற்றும் அறிந்துவிட்டதாக எண்ணி நூலை மூடிவைத்துவிடுகிறோம். அவ்வாறு மூடிவைப்பதால் நாம் இழந்து நிற்பது என்ன என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் கொல்லிமலை விரிகிறது. மலைமேல் உள்ள ஊர்த் தொகுதிகள் இன்றும் ‘நாடு’ என்னும் பெயராலேயே வழங்குகின்றன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, எடப்புளி நாடு என அத்தகைய நாடுகள் 14 உள்ளன. மலையாளிகள் என்று வழங்கப்பெறும் மலைவாழ் தமிழ் மக்கள் அங்கே தினையும் சாமையும் விளைவித்து, மிளகும் காப்பியும் பயிரிட்டு வாழ்கின்றனர். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டி ஆண்டுதோறும் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் விற்போட்டியும் நடைபெறுகிறது. எடப்புளி நாட்டிலோ வேறெந்த நாட்டிலோ பிறந்த இளைஞன் ஒருவன் அப்போட்டியில் வில்லை எடுத்து நிற்பானாயின், அவன் குறி வைப்பது யானையையும் அன்று, புலியையும் அன்று. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை என்பது குற்றமாகிவிட்டது. வில்லின் முன்னே இன்று நிற்பது வெறும் இலக்குப் பலகையே.

அங்ஙனமாயின் ஒரு வினா எழுகின்றது. வேட்டையும் போரும் நீங்கிய பின்னர் வில்லால் ஆவது என்ன? உடலை வளைத்து, மூச்சை அடக்கி, கண்ணைக் குவித்துக் கற்கும் இக்கலை கற்பவனை எத்தகைய மனிதனாக்க வேண்டும்? கராத்தே வகுப்பிற்கும் சிலம்பக் களத்திற்கும் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் நம் பெற்றோர்க்கும் உரிய வினா இது. இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. உ. வே. சாமிநாதையர் 1894 இல் முதன்முதலாக அச்சேற்றித் தந்த புறநானூற்றின் 152 ஆம் பாட்டு, வன்பரணர் ஓரியைப் பாடியது, இவ்வினாவுக்கு ஒரு விடையைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது.

பாட்டின் நிகழ்ச்சியை நம் சொற்களில் கூறுவோம். பாணரும் விறலியருமாகிய ஓர் இசைக் கூட்டம் காட்டு வழியே செல்கின்றது. வழியில் ஒரு வேட்டுவனைக் காண்கின்றனர். அவன் விடுத்த அம்பு யானையை வீழ்த்தி, வாய் பிளந்த புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, அருகிலிருந்த புற்றில் கிடந்த உடும்பில் சென்று தைத்து நின்றது. இவன் யாவன் என்று அவர்கள் வியக்கின்றனர். கொன்ற இறைச்சியை விலைக்கு விற்றுப் பிழைப்பவனாகவும் அவன் தோன்றவில்லை. மார்பில் ஆரம் தாழ்கின்றது. மலைக்கு உரியவனாகிய ஓரி தானோ, அல்லனோ என்று ஐயுறுகின்றனர். முழவும் யாழும் எடுத்து, இசைக்குரிய துறைகள் இருபத்தொன்றையும் முறையே பாடி முடித்து, அவனைக் ‘கோ’ என்று விளிக்கின்றனர்.

இங்கேதான் பாட்டு திரும்புகின்றது. அச்சொல் தனக்கு உரிய பெயராதலின், அதனைக் கேட்டு அவன் நாணுகின்றான். நாடு நாடாகச் சுற்றி வருகின்றோம். உன்னை ஒத்த வேட்டுவர் எங்கும் இலர் என்று அவர்கள் தொடர்ந்து, தாம் வேண்டி வந்ததைச் சொல்ல வாயெடுக்கு முன்னரே, அதனைச் சொல்லவும் விடாமல் அவன் கொடுக்கத் தொடங்கிவிடுகின்றான். தான் வேட்டையாடிய மானின் இறைச்சியைச் சமைத்துத் தருகின்றான். தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் தருகின்றான். கொடுத்த இடமோ அரண்மனை அன்று, நடுக்காடு. இறைச்சியுடன் அக்கால வழக்கப்படி மதுவும் அளித்தான் என்று பாட்டுக் கூறுகின்றது. அது நமக்கு விலக்கப்பட்டது என்பதைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. ஈண்டு நாம் கருத வேண்டியது அவனது விருந்தோம்பலின் விரைவையே ஆகும்.

இப்பாட்டில் அம்பின் ஆற்றலைக் கூறும் பகுதி எவ்வளவு? தொடக்கத்திலுள்ள ஐந்தாறு அடிகளே. எஞ்சியவை எல்லாம் அவன் யாவன் என்ற ஐயம், இசை, விளி, நாணம், கொடை என்றே செல்கின்றன. நாமோ முதல் ஐந்தாறு அடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, புலவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டோம். வன்பரணர் கண்ட வியப்புகள் இரண்டு. ஒன்று, ஐந்து உயிர்களை ஊடுருவிச் சென்ற அம்பு. மற்றொன்று, அவ்வம்பை விடுத்தவன் தன் புகழைக் கேட்கமாட்டாமல் நாணியது. முன்னதினும் பின்னதே அரியது என்று கருதினார் என்பதைப் பாட்டின் அமைப்பே காட்டுகின்றது. புலியின் முன் கூசாதவன் புகழின் முன் கூசினான். இதுவே இப்பாட்டின் உயிர்நிலை.

தமிழில் ‘நாண்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வில்லை இழுத்துக் கட்டும் கயிறும் நாண். தகாதது கண்டும் மிகையான புகழ்ச்சி கேட்டும் உள்ளம் ஒடுங்கும் பண்பும் நாண். வன்பரணர் இச்சொல்லைச் சிலேடையாகக் கையாண்டார் என்று நாம் வாதிடவில்லை. ஆயினும் மொழி தந்த இவ்விணைப்பு எண்ணத்தக்கது. நாணற்ற வில் வெறும் மூங்கிற் கழி. அதனால் எதையும் எய்ய இயலாது. அவ்வாறே நாணற்ற வலிமையும் திசையறியாத வெறும் விசையே ஆகும். நாண் வில்லின் இரு முனைகளையும் பிடித்து அடக்குகின்றது; அந்த அடக்கத்திலிருந்தே அம்பு செல்லும் ஆற்றல் பிறக்கின்றது. திருவள்ளுவரும் நாணுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதன் இறுதிக் குறளில் இவ்விரு பொருளையும் ஒன்றோடொன்று உரசவிட்டுள்ளார். உள்ளே நாணம் இல்லாதவர் உலவுவது, மரப்பொம்மை கயிற்றால் ஆட்டப்பட்டு உயிருள்ளது போல் மயக்குவதை ஒக்கும் என்பது அவர் கருத்து. உயிருக்கு உள்ளிருந்து இயக்கும் நாண் ஒன்று உண்டு. பொம்மைக்கு வெளியிலிருந்து இழுக்கும் நாண்தான் உண்டு. போர்க்கலை பயில்வோன் இவ்விரண்டில் எதனால் இயங்குகின்றான் என்பதே கேள்வி.

நாணம் என்பது அச்சம் அன்றோ, கோழைத்தனம் அன்றோ என்று சிலர் ஐயுறலாம். பிள்ளை கூச்சமுடையவனாக வளர்ந்தால் உலகில் பிழைப்பானா என்று கவலையுறும் தந்தையர் பலர். இவ்விடத்தில் நம் மார்க்கம் தரும் விளக்கம் தெளிவானது. நாணத்தை அரபியில் ஹயா என்பர். ஹயா ஈமானின் ஒரு கிளை என்பது நாம் அனைவரும் கேட்டுப் பழகிய நபிமொழி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திரைக்குள் இருக்கும் கன்னிப் பெண்ணினும் மிகுந்த நாணம் உடையவர்களாக இருந்தார்கள் என்று அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அதே அண்ணலாரைப் பற்றி, போர் கடுமையுற்ற வேளைகளில் நாங்கள் அவர்களையே அரணாகக் கொண்டு நின்றோம் என்று ஹலரத் அலீ (ரலி) அவர்கள் கூறியதாகவும் ஹதீது நூல் உரைக்கின்றது. கன்னியினும் மிக்க நாணமும், வீரர்க்கே அரணாகும் துணிவும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. ஆகவே நாணம் அச்சத்தின் உறவு அன்று. அச்சம் தனக்கு நேரும் தீங்கை எண்ணி ஒடுங்குவது. நாணம் தன்னால் நேரும் இழிவை எண்ணி ஒடுங்குவது. முன்னது மனிதனைச் சிறியவனாக்கும். பின்னது அவனை வளர்க்கும்.

வில்வித்தைக்கு நம் மார்க்கம் அளித்துள்ள இடம் சிறியதன்று. ஆற்றலைத் திரட்டி வைக்குமாறு ஏவும் திருக்குர்ஆன் வசனத்தை (8:60) மிம்பரில் ஓதிய பெருமானார், ஆற்றல் என்பது எறிதலே என்று மும்முறை விளக்கினார்கள் என்பதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அம்பெய்தலையே அச்சொல் முதன்மையாகக் குறித்ததாக உரையாசிரியர்கள் கொள்வர். கற்ற விற்கலையைக் கைவிடுவதையும் அவர்கள் கண்டித்துள்ளார்கள். ஆனால் எந்த உணர்வுடன் எய்ய வேண்டும் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று புகாரீயில் உள்ளது. அஸ்லம் குலத்தார் இரு பிரிவாக நின்று அம்பெய்து போட்டியிடுகின்றனர். அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்மாயீலின் மக்களே, எய்யுங்கள். உங்கள் தந்தை வில்லாளராக இருந்தார் என்று ஊக்கி, தாம் ஒரு பிரிவினருடன் இருப்பதாகக் கூறுகின்றார்கள். உடனே மற்றப் பிரிவினர் கையை நிறுத்திவிடுகின்றனர். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, தாங்கள் அவர்களுடன் இருக்கையில் நாங்கள் எவ்வாறு எய்வோம் என்கின்றனர். அப்படியாயின் எய்யுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்று அண்ணலார் கூற, போட்டி தொடர்கின்றது. வெல்லும் வெறியுடையவர் கை அவ்வாறு நிற்குமா? வில்லை இழுத்த கையைத் தாழ்த்தியது ஹயா அன்றி வேறென்ன? ஓரி புகழ்ச்சியைக் கேட்டு நாணினான். அஸ்லம் குலத்தார் வெற்றியை எண்ணி நாணினர். இரண்டும் ஒரு கொடியின் மலர்களே.

கொலையின் எல்லையையும் அண்ணலார் வரைந்து காட்டியுள்ளார்கள். உயிருள்ள எதனையும் அம்புக்குக் குறியாக நிறுத்திவைத்துப் பழகுவதை அவர்கள் தடுத்துள்ளார்கள். உணவுக்காக வேட்டையாட அனுமதி உண்டு. கைத்திறன் காட்டுவதற்காக உயிரை வதைக்க அனுமதி இல்லை. இவ்வளவுகோலை வைத்து நோக்கினால் ஓரியின் பாட்டில் நாம் தயக்கமின்றி ஏற்பது, வீழ்ந்த மானின் இறைச்சி பசித்து வந்தவர்க்கு உணவாயிற்று என்னும் பகுதியையே. யானையும் புலியும் உடும்பும் மடிந்த பகுதியைத் திறத்தின் உயர்வு நவிற்சியாகக் கொள்ளலாமேயன்றி, பின்பற்றத்தக்க செயலாகக் கொள்ள இயலாது. இதனை மறைத்துப் பேசுவது திறனாய்வாகாது.

இனி இருவகைத் தடைகளுக்கு விடை கூறவேண்டும். ஓர் அம்பு ஐந்து உடல்களை ஊடுருவுதல் இயலுமா என்பது ஒன்று. அது பாட்டின் மொழி. கணக்கின் மொழி அன்று என்று கூறி அமையலாம். மற்றத் தடையே வலியது. பரிசில் வாழ்க்கையுடைய புலவர் ஒருவர் மன்னனைப் புகழ்கின்றார். அவன் நாணினான் என்பதும் அப்புகழ்ச்சியின் ஒரு பகுதியே. நாணுடையவன் என்று புகழ்வது எல்லாப் புகழ்ச்சியினும் நயமானது அன்றோ என்று கேட்கலாம். இவ்வையம் நியாயமானதே. ஆயினும் ஒரு சமுதாயம் தன் வீரனை மகிழ்விக்க எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே அச்சமுதாயத்தின் உள்ளத்தைக் காட்டும். அன்றியும் புறநானூறு ஓரியைப் புகழ்ந்தோர் பாட்டுகளை மட்டுமே காத்து வைக்கவில்லை. 204 ஆம் பாட்டு, கழைதின் யானையார் என்னும் புலவர் ஓரியைப் பாடியது. இரத்தல் இழிவு, இல்லையென்று மறுத்தல் அதனினும் இழிவு; கொடுத்தல் உயர்வு, கொடுப்பதை ஏற்கமாட்டேன் என்பது அதனினும் உயர்வு என்று அளந்து பேசும் அப்புலவர், பரிசில் கிட்டாமையைத் தம் பொழுதின் மேலும் நிமித்தத்தின் மேலும் ஏற்றிச் சொல்லி, உன்னை வெறுக்கமாட்டேன் என்று முடிக்கின்றார். வெறுக்கமாட்டேன் என்று கூறவேண்டிய நிலை ஏன் வந்தது? அன்று ஓரியின் கை மூடியிருந்தது போலும். வள்ளலின் வாயிலிலும் ஒரு நாள் ஏமாற்றம் நேர்ந்தது என்னும் குறிப்பையும் சேர்த்தே நம் முன்னோர் தொகுத்தனர். ஆதலின் 152 ஆம் பாட்டை வெறும் முகமன் என்று தள்ளுவதற்கில்லை.

நம் சமுதாயத்து இலக்கியத்தின் பக்கமும் சற்றே திரும்புவோம். படைப்போர் என்னும் ஓர் இலக்கிய வகையையே தமிழுக்குத் தந்த பெருமை முஸ்லிம் புலவர்க்கு உண்டு. இந்திராயன் படைப்போர் முதலிய அந்நூல்களை வீடுகளில் கூடியிருந்து படிக்கக் கேட்டு வளர்ந்த முதியோர் பலர். ஹலரத் அலீ (ரலி) அவர்களின் வீரமும் துல்ஃபிகார் வாளின் வீச்சும் அவற்றுட் பலவற்றில் பெரிதாகப் பேசப்படுகின்றன. அவற்றின் சொல்வளத்தைப் போற்றுகிறோம். எனினும் அவற்றைக் கேட்டு எழும் இளநெஞ்சில் எஞ்சுவது பெரும்பாலும் வாளின் வேகமே. அதே அலீ (ரலி) அவர்களைப் பற்றி மௌலானா ரூமி மஸ்னவியின் முதற்பகுதி இறுதியில் பாடிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. போர்க்களத்தில் வீழ்த்தப்பட்ட பகைவன் அவர்கள் முகத்தில் உமிழ்கின்றான். உயர்த்திய வாளை அவர்கள் கீழே போட்டுவிடுகின்றார்கள். காரணம் கேட்ட பகைவனுக்கு, இறைவனுக்காக ஏந்திய வாள் இது. நீ உமிழ்ந்தபோது என் சினமும் அதில் கலந்துவிட்டது. ஆகவே நிறுத்தினேன் என்னும் கருத்துப்பட விடையளிக்கின்றார்கள். வெட்டிய வாளைப் பாடுவது எளிது. நிறுத்திய வாளைப் பாடுவது அரிது. வன்பரணரும் ரூமியும் காலத்தாலும் மொழியாலும் சமயத்தாலும் எவ்வளவோ தொலைவில் உள்ளவர்கள். ஆயினும் இருவரும் வீரனைத் தேடிய இடம் ஒன்றே. மற்போரில் பிறரை வீழ்த்துபவன் வலியவன் அல்லன். சினம் மூளும்போது தன்னை அடக்குபவனே வலியவன் என்னும் நபிமொழியின் இரு விளக்கங்களாகவே நாம் இவ்விரு பாட்டுகளையும் கருதுகிறோம்.

இக்காலத்தில் போர்க்கலையின் தத்துவம் என்றவுடன் பலரும் நாடுவது கீழ்த்திசை நாடுகளைப் பற்றிய நூல்களையே. அவற்றுள் பெயர் பெற்றது ஜெர்மானியப் பேராசிரியர் ஓய்கன் ஹெரிகல் 1948 இல் வெளியிட்ட, ஜென் நெறியையும் வில்வித்தையையும் இணைத்துப் பேசும் சிறுநூல். 1920களில் ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்து, ஆவா கென்சோ என்னும் ஆசானிடம் வில் பயின்ற அனுபவத்தை அதில் அவர் கூறுகின்றார். எய்பவன் ‘நான்’ என்னும் எண்ணமற்றுப் போகும்போதே அம்பு சரியாகச் செல்லும் என்பது அதன் சாரம். படிக்க இனிய நூல்தான். ஆனால் நூலின் வரலாற்று நம்பகத்தை ஜப்பானிய அறிஞர் யமாதா ஷோஜி 2001 இல் விரிவாக ஆராய்ந்து, ஆவா கென்சோ ஜென் நெறியில் பயின்றவர் அல்லர் என்றும், ஆசானின் சொற்கள் பல மொழிபெயர்ப்பின் வழியே திரிந்திருக்கலாம் என்றும் காட்டினார். அதனினும் நம்மைத் திடுக்கிடச் செய்வது வேறொன்று. ‘நான்’ அற்றுப்போகும் கலையைப் பயின்ற அதே ஹெரிகல், தாய்நாடு திரும்பியபின், 1937 இல் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் உறுப்பினரானார்.

இதனை ஒரு தனிமனிதரைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. அம்பு குறியைத் தைத்தால் உள்ளமும் தூய்மையாகிவிடும் என்னும் எளிய நம்பிக்கையை இவ்வரலாறு உடைக்கின்றது. மூச்சடக்கமும் மன ஒருமையும் கருவிகளே. நல்லவன் கையில் நன்மைக்கும், தீயோர் சேனையில் தீமைக்கும் அவை ஒரே திறமையுடன் பணி செய்யும். ‘நான்’ மறைந்தால் மட்டும் போதாது. மறைந்த இடத்தில் வந்து அமர்வது எது என்பதே பொருட்டு. ஓரியின் பாட்டில் ‘நான்’ ஒடுங்கிய இடத்தில் எதிரே நிற்கும் பசித்தவன் வந்து அமர்கின்றான். நாணியவன் உடனே கொடுக்கின்றான். நாணம் கொடையாக மாறாவிடின் அது வெறும் கூச்சமாகவே நின்றிருக்கும். இவ்வகையில் ஆயிரக்கணக்கான பிரதிகள் விற்ற அச்சிறுநூலினும் நம் பழம்பாட்டு ஒருபடி மேற்சென்றுள்ளது என்பது எம் துணிபு.

ஆயினும் ஓரியின் கதை இனிதாக முடிந்ததன்று. திருக்கோவலூர்த் தலைவன் மலையமான் திருமுடிக்காரி ஓரியைப் போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்தான் என்று அகநானூற்றின் 209 ஆம் பாட்டு கூறுகின்றது. ஓரியைக் கொன்ற காரி ஓரியின் தெருவில் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் உவமையாக்கினார். கொன்றவனும் கொலையுண்டவனும் சிறுபாணாற்றுப்படை பட்டியலிடும் கடையெழு வள்ளல்களில் இருவர் என்பதை மறத்தலாகாது. இருவரும் கொடையிற் சிறந்தவர். இருவரும் படையிற் சிறந்தவர். அவ்விருவருள் ஒருவர் கையால் ஒருவர் மடிந்தனர். பாணர் முன் நாணத் தெரிந்த காலம், மண்ணாசையின் முன் நாணத் தெரிந்திலது. சங்க கால வீரத்தின் குறை இது. கொடையாலும் நாணத்தாலும் மெருகேறிய அவ்வீரம், பகையின் வாயிலில் வந்ததும் பழைய வீரமாகவே நின்றுவிட்டது.

இவ்விடத்திலேதான் நஃப்ஸை எதிர்த்துப் போரிடுபவனே உண்மையான முஜாஹித் என்னும் நபிமொழி, திர்மிதீ தொகுத்தது, நமக்குத் துணை நிற்கின்றது. நாணம் ஒரு தருணத்தில் மலர்ந்து மறைவது. நஃப்ஸுடன் நடத்தும் போரோ வாழ்நாள் முழுதும் நீள்வது. தருணத்து நாணத்தை நாள்தோறும் பழகும் நெறியாக மாற்றுவதே பயிற்சியின் வேலை. பதினான்காம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னுல் கையிம் குதிரையேற்றம், வில், வேல் முதலியவற்றைப் பற்றித் தனி நூலே எழுதியவர். அவர் வீரத்தை இரண்டாகப் பகுத்து, ஆயுதத்தின் வீரத்துடன் அறிவின் வீரத்தையும் இணைத்தே பேசினார். கை மட்டும் பயின்று நெஞ்சு பயிலாவிடில் அப்பயிற்சி பாதியே என்பது இதனால் பெறப்படும்.

நம் பிள்ளைகளிடம் வருவோம். சிலம்பத்திற்கு இன்று நல்ல காலம் பிறந்திருக்கின்றது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் முதன்முறையாகக் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. நம் ஊர்களிலும் சிறுவரும் சிறுமியரும் கம்பெடுத்துச் சுற்றுவதைக் காணும்போது உள்ளம் குளிர்கின்றது. கம்பெடுப்பவர் முதலில் செய்வது வணக்க வரிசை. அதனைச் சலாம் வரிசை என்று வழங்குவோரும் உளர். மண்ணையும் ஆசானையும் எதிர் நிற்பவரையும் மதித்த பின்னரே ஆட்டம் தொடங்கும். அதில் உள்ள சலாம் என்னும் சொல் நம்முடையது. அமைதி என்று பொருள்படுவது. அடிக்க ஓங்கும் கம்பு முதலில் அமைதியைச் சொல்லித் தொடங்குகின்றது. அதன் பொருளைப் பிள்ளைக்கு யார் எடுத்துச் சொல்கிறார்கள்? பெரும்பாலான இடங்களில் அது நிழற்படத்திற்கு நிற்கும் ஒரு நிலையாகச் சுருங்கிவிட்டது.

பெற்றோர் பலர் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை மாதத்தில் கறுப்புப் பட்டை கிடைக்கும் என்பது. அடுத்த கேள்வி, சான்றிதழுக்கு மதிப்புண்டா என்பது. பிள்ளைகளின் எதிர்காலம் கருதிக் கேட்கும் இக்கேள்விகளை நாம் பழிக்கவில்லை. ஆயினும் ஆண்டிறுதியில் அவர்கள் தம் வீட்டிற்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு உண்டு. தம்பியுடன் சண்டையிடும்போது கம்பு பழகிய கை முன்னினும் விரைந்து ஓங்குகின்றதா, முன்னினும் விரைந்து தாழ்கின்றதா? உறவினர் கூடிய இடத்தில் தந்தை மகனின் பரிசுகளை அடுக்கும்போது மகன் நெஞ்சை நிமிர்த்துகின்றானா, தலை கவிழ்ந்து உள்ளே சென்று விருந்தினர்க்குத் தண்ணீர் கொண்டு வருகின்றானா? அத்தண்ணீர்க் குவளை எந்தப் பட்டையினும் பெரிய சான்றிதழ். கொல்லிமலைக் காட்டில் ஓரி பெற்றதும் அச்சான்றிதழையே.

செம்மேட்டுச் சிலையைக் காணச் செல்வோர் அங்கே வில்லாளியைக் காணலாம். நாணத்தைக் காண இயலாது. கல்லிலும் உலோகத்திலும் அதனை வடிக்கும் சிற்பி இன்னும் பிறக்கவில்லை. அதனைப் பாட்டில் காணலாம். அல்லது வாழும் மனிதரிடத்தில் காணலாம். எடப்புளி நாட்டிலிருந்து விற்போட்டிக்கு வரும் மலைவாழ் இளைஞனும், கடற்கரை ஊரில் மஃரிபுக்குப் பின் கம்பு சுற்றும் நம் பிள்ளையும் ஒரே பாட்டின் வாரிசுகள். வில்லில் ஏறும் நாண் நெஞ்சிலும் ஏறவேண்டும். அவ்வருளை வல்ல இறைவன் நம் மக்களுக்கு வழங்குவானாக.